அடி வாங்கியவள் இப்படியா இருப்பாள்?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 9, 2025

எங்கள் தெருவில் ஒரு பெண் கணவன் மீது குடும்ப வன்முறை மனு போட்டிருக்கிறார். பதினோரு வருடம் அந்த வீட்டில் இருந்தவர். அடித்தார் என்கிறார், எந்த மாதம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நடுவில் அம்மா வீட்டுக்குப் போனவர் தானாகவே திரும்பி வந்தார். போன பொங்கலுக்குக்கூட இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டு கோயிலுக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். புகாரைச் சொல்லும்போது கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை, யாருக்கோ நடந்ததைப் போலச் சொல்கிறார். உண்மையில் கொடுமை நடந்திருந்தால் ஒருத்தி இப்படியா இருப்பாள்? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

பிப்ரவரி 9, இரவு

இப்படித்தான் இருப்பாள்.

பிப்ரவரி 10

ஒரே வரியில் பதில் எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன் என்று இரண்டு பேருக்குக் கோபம். சரி, விரிவாகவே எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். குடும்ப வன்முறை மனுக்கள் பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும். அதற்கு முன்னால் பல வருடம் ஒருவருக்கு மனைவியாக இருந்தேன். இரண்டு வேலையிலும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மனுக்களில் வந்த பெண்களை அடையாளம் தெரியும்படி இங்கே கொண்டுவர மாட்டேன். என்னை வேண்டுமானால் கொண்டுவருகிறேன், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அண்ணாச்சி நான்கு குறை சொல்கிறார். தேதி தெரியவில்லை, திரும்பி வந்தாள், சிரித்தாள், அழவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வந்து உட்காரும் பெண்களில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பல வருடம் பயந்து வாழ்ந்த மனத்துக்கு நேரும் சேதம் வெளியே தெரியும்போது பொய் சொல்கிறவளின் சாயலில்தான் தெரிகிறது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதைவிட வசதியான சாட்சி வேறில்லை. கணவன் செய்து வைத்த சேதத்தையே அவளுக்கு எதிராக எடுத்துக் காட்டலாம்.

முதலில் தேதி. குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் நிறைவேறி 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளோடு ஒரு படிவம் உண்டு, இந்தச் சட்டத்துக்கென்று அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் நிரப்ப வேண்டியது. ஒவ்வொரு வகை வன்முறைக்கும் தேதி, இடம், நேரம் என்றுதான் கேட்கும். "தேதி சொல்லுங்கள் அம்மா" என்பேன். கூரையைப் பார்ப்பார்கள். "தீபாவளிக்கு முன்னால்... இல்லை, சின்னவன் வயிற்றில் இருந்தபோது" என்பார்கள். அதே ஆள், அன்றைக்கு அடுப்பில் என்ன இருந்தது, தொலைக்காட்சியில் எந்தத் தொடரின் பாட்டு ஓடியது, அவன் சட்டைப் பையில் என்ன நிறப் பேனா இருந்தது என்பதையெல்லாம் மளமளவென்று சொல்வார்.

இதற்குக் காரணம் உண்டு. உயிர்பயம் வரும்போது மூளை கண்ணெதிரே இருக்கும் ஆபத்தை ஆழமாகப் பதித்துக்கொள்கிறது. எப்போது, எதற்குப் பிறகு எது என்று வரிசைப்படுத்தி வைக்கும் பகுதியோ அந்த நேரத்தில் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் துண்டுகள் பளிச்சென்று இருக்கும், கோர்வை இருக்காது.

பிப்ரவரி 11

ஒன்று விட்டுப்போனது. ஒரே மாதிரி நிகழ்ச்சி திரும்பத் திரும்ப நடந்தால் நினைவில் எல்லாம் சேர்ந்து ஒன்றாகிவிடும். அண்ணாச்சி, போன வருடம் எந்தெந்தத் தேதியில் இட்லி சாப்பிட்டீர்கள் என்று குறுக்கு விசாரணை செய்தால் நீங்கள் இட்லியே சாப்பிட்டதில்லை என்று நிரூபித்துவிடலாம்.

பிப்ரவரி 11, மாலை

சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பொய் மனு உண்டு. காசோலை வழக்கிலும் பொய் உண்டு, நில வழக்கில் கேட்கவே வேண்டாம். அதற்காக யாரும் காசோலை வாங்குவதை நிறுத்தவில்லை. இதற்கு மேல் இதில் நேரம் செலவிட விருப்பமில்லை.

பிப்ரவரி 14

இன்றைக்கு என்ன நாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஏன் திரும்பிப் போனாள்? அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979இல் அடிபட்ட பெண்களைப் பேட்டி கண்டு ஒரு சுழற்சியைச் சொன்னார். முதலில் வீட்டில் இறுக்கம் கூடும், பிறகு அடி விழும், அதன் பிறகு ஒரு தேன்நிலவுக் காலம். மல்லிகைப்பூ, மன்னிப்பு, குழந்தைத் தலையில் சத்தியம். இரண்டு வருடம் கழித்து டட்டன், பெயின்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இதில் இன்னும் உள்ளே போனார்கள். ஒருவர் கையில் எல்லா அதிகாரமும் இருந்து, அவரே எப்போதாவது மட்டும் அன்பும் காட்டினால், எப்போதும் அன்பாக இருப்பவரிடம் வருவதைவிட இறுக்கமான பிணைப்பு அங்கே உண்டாகிறது என்றார்கள். எப்போது வரும் என்று தெரியாத அன்புக்குத்தான் மனம் காத்துக் கிடக்கிறது.

வலி கொடுத்தவன்தான் அந்த வலியை ஆற்ற வல்லவன் என்று ஆகிவிடுகிறது. அவன் கொஞ்சம் சிரித்துப் பேசினால் உடம்பு முழுக்க ஒரு தளர்வு வரும் பாருங்கள், அதைப் பிரியம் என்றுதான் நினைத்துக்கொள்வோம். பொங்கலுக்குச் சிரித்துக்கொண்டு போனாளே, அது நடிப்பாக இருந்திருக்காது. அன்றைக்கு அவளுக்கு உண்மையிலேயே நிம்மதி.

அத்தோடு போக இடம் வேண்டும். காரணங்களில் பாதி மனத்துக்கு வெளியே இருக்கிறது. வாடகை, பள்ளிக் கட்டணம், கல்யாணமாகாத தங்கை. இதை எழுதாமல் விட்டால் எல்லாம் அவள் மூளைக்குள் நடக்கும் கோளாறு போல ஆகிவிடும்.

பிப்ரவரி 23

மேலே எழுதிய சுழற்சியை மறுபடி படித்தேன். ஒரு தங்கை, "எங்கள் வீட்டில் மல்லிகைப்பூவே வந்ததில்லை அக்கா, அப்படியானால் எனக்கு நடந்தது கணக்கில் வராதா?" என்று கேட்டிருக்கிறார். வரும். வாக்கர் பின்னால் எடுத்த ஆய்விலேயே மூன்று கட்டங்களும் எல்லாரிடமும் காணப்படவில்லை. என் வீட்டிலும் பூ வந்ததில்லை.

என் வீட்டில் அடியும் அதிகம் விழவில்லை. இதைச் சொன்னால் "அப்புறம் என்ன குறை?" என்று கேட்பார்கள். நானே கேட்டுக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போய்வந்தால் பஸ் டிக்கெட்டைக் கொடுக்க வேண்டும். அதில் அச்சாகியிருக்கும் நேரத்தைப் பார்ப்பார். நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு எத்தனை நிமிடம் என்று அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. வழியில் யாராவது நிறுத்தி நலம் விசாரித்தால் எனக்கு வியர்க்கும். அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, வீட்டில் சொல்ல வேண்டிய பதிலை மனத்துக்குள் தயார் செய்வேன். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்து அன்றைய இரவு எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவேன். மழை வருமா என்று சொல்லத் தெரியாது, இது தெரியும்.

இந்த மாதிரி ஆட்டிப்படைத்தலைத்தான் எவன் ஸ்டார்க் என்ற அமெரிக்கர் 2007இல் புத்தகமாக எழுதினார். அடியை எண்ணிக்கொண்டிருந்தால் இதைப் பிடிக்க முடியாது, ஒரு பெண்ணின் நாள் முழுவதையும் யார் நடத்துகிறார் என்று பாருங்கள் என்றார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 76ஆம் பிரிவு இதைக் குற்றமாக்கியது, ஐந்து வருடம் வரை சிறை. நம் ஊர்ச் சட்டமும் இதில் பின்தங்கவில்லை. 3ஆம் பிரிவில் உடல், பாலியல் வன்முறைகளோடு சொல்லாலும் உணர்வாலும் செய்யும் வன்முறையும், பொருளாதார வன்முறையும் இருக்கின்றன. நான் மேலே சொன்ன படிவத்தை எடுத்துப் பாருங்கள்: நடத்தையைச் சந்தேகித்துப் பேசுதல், வேலைக்குப் போகவிடாமல் தடுத்தல், வீட்டைவிட்டு வெளியே போகவிடாமல் தடுத்தல், தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டுதல் எல்லாம் தனித்தனி வரியாக அச்சடித்திருக்கிறது. நிரப்புகிறவர்கள்தான் அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் அதன் பிறகுதான் முதல்முறையாக யாரிடமும் காசு கேட்காமல் மருத்துவமனைக்குப் போனார். அரசு இதற்காகத்தான் கொண்டுவந்தது என்று நினைக்கவில்லை. ஆனாலும் நடந்தது.

பிப்ரவரி 24

நீங்கள் சொல்வது சாதாரணக் கணவன்கள்தானே என்று ஒரு பின்னூட்டம். ஆமாம் அண்ணாச்சி. அதனால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறக்குறைய 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை எப்போதாவது அனுபவித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தியா முழுவதற்கும் 29. படித்த மாநிலம் என்று நாம் நெஞ்சை நிமிர்த்தும்போது இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 2

"கற்றுக்கொண்ட கையறுநிலை" என்பதை இங்கே இரண்டு பேர் குறிப்பிட்டிருக்கிறார்கள். கதை இதுதான். 1967இல் செலிக்மன், மையர் இருவரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை. தப்பிக்கவே முடியாதபடி மின்னதிர்ச்சி கொடுத்த நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் படுத்தே கிடந்தன. வாக்கர் இதை அடிபட்ட பெண்களுக்குப் பொருத்தினார். எனக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை, நாய் என்பதால் அல்ல. நான் பார்த்த பெண்கள் யாரும் படுத்தே கிடக்கவில்லை. மாமனாரிடம் சொல்லியிருப்பார்கள், சித்தப்பாவிடம் போயிருப்பார்கள், பங்குத்தந்தையிடமோ ஊர்ப் பெரியவரிடமோ அழுதிருப்பார்கள், மகளிர் காவல் நிலையத்தில் மனு ரசீது வாங்கியிருப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் "அனுசரித்துப் போ" என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். 1988இல் கொண்டோல்ஃப், ஃபிஷர் என்ற இருவர் டெக்சாஸ் மாநிலக் காப்பகங்களுக்கு வந்த ஆயிரக்கணக்கான பெண்களின் விவரங்களைப் பார்த்து இதையேதான் சொன்னார்கள்: கொடுமை கூடக்கூட அவள் உதவி தேடுவதும் கூடுகிறது, உதவ வேண்டியவர்களிடம்தான் கையறுநிலை இருக்கிறது.

சுவாரசியம் என்னவென்றால் அந்தச் செலிக்மனும் மையரும் ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016இல், தங்கள் கருத்தையே தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது கற்றுக்கொள்வது அல்ல, அது உடம்பின் இயல்பான எதிர்வினை. "என்னால் இதை மாற்ற முடியும்" என்பதுதான் மூளை கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது என்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பல விஷயம் புரிந்தது. தனியாக வந்த புதிதில் கடையில் "டீயா காபியா?" என்று கேட்டால் நெஞ்சு அடைக்கும். எது கேட்டால் சரியான பதில் என்று அந்தக் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பேன். புடவைக் கடையில் எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று தெரியாமல் நின்று, உடன் வந்தவருக்குப் பிடித்ததை வாங்கி வந்திருக்கிறேன். புத்தி மழுங்கிவிட்டது என்றே நினைத்தேன். முடிவெடுக்கும் பழக்கம் கழன்றுபோயிருந்தது, அவ்வளவுதான். சின்னச் சின்ன முடிவாக எடுத்துத்தான் அது திரும்ப வந்தது. அதனால் யாராவது இப்படி வீட்டைவிட்டு வந்த பெண்ணை வைத்திருந்தால், பாசத்தில் எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்யாதீர்கள். என்ன குழம்பு வைக்கலாம் என்பதிலிருந்து அவளைக் கேளுங்கள். பதில் வர நேரமாகும். காத்திருங்கள்.

(இப்போது எனக்குக் காபிதான். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக.)

மார்ச் 8

மகளிர் தினம். வாட்ஸ்அப்பில் இதுவரை எத்தனை ரோஜாப்பூ வந்ததென்று எண்ணவில்லை.

மருத்துவரிடம் காட்டினால் தெரிந்துவிடாதா என்று கேட்டிருந்தார்கள். அங்கே போய் யாரும் "என் கணவர் அடிக்கிறார்" என்று ஆரம்பிப்பதில்லை. தலைவலி, கை கால் எரிச்சல், மயக்கம், படபடப்பு, அசதி, வெள்ளைப்படுதல் என்று சொல்வார்கள். சத்து ஊசி போட்டு அனுப்புவார்கள். நானும் நிறையப் போட்டிருக்கிறேன். கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் செய்த ஆய்வு 2005 வாக்கில் வந்தது. வெள்ளைப்படுதல் என்று சொன்ன பெண்களிடம் கிருமித் தொற்றைவிட மனச்சோர்வும் பதற்றமும்தான் அந்தப் புகாரோடு வலுவாகத் தொடர்புபட்டிருந்தன. உடம்பைச் சொன்னால்தான் நம் ஊரில் கேட்பார்கள் என்று உடம்புக்கே தெரிந்திருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2013 அறிக்கைப்படி, துணைவனின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்தியாவில் 2021இல் தற்கொலையில் இறந்த பெண்கள் 45,026 பேர். அதில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் "இல்லத்தரசி" என்ற கட்டத்தில் போட்டிருக்கிறது. காரணக் கட்டத்தில் "குடும்பப் பிரச்சினை" என்று எழுதுவார்கள். அந்த இரண்டு வார்த்தைக்குள் என்னென்ன இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

மும்பையில் 2000ஆம் ஆண்டு பாந்த்ரா பாபா மருத்துவமனையில் "தில்லாசா" என்று ஒரு மையம் தொடங்கினார்கள். எரிச்சல், மயக்கம், தவறி விழுந்தேன் என்று வருகிறவர்களிடம் செவிலியர் தனியாக வைத்துக் கேட்பார். பக்கத்தில் கணவன் நிற்காமல் கேட்பதுதான் அதில் பாதி வேலை.

மார்ச் 9

இது தனியாக எழுத வேண்டியது. கழுத்தை நெரித்தல்.

மனு எழுதும்போது இதைப் பெண்கள் கடைசியில்தான் சொல்கிறார்கள், "அடிக்கவில்லை, கழுத்தைப் பிடித்தார்" என்று சாதாரணமாக. சில நொடிகளில் நினைவு தப்பிவிடும், மூளைக்கு இரத்தம் போவது நின்றுவிடும். வெளியே தழும்பு இல்லாமலும் இருக்கும். சான் டியேகோ நகரில் 1990களில் 300 கோப்புகளைப் பார்த்தபோது பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியும் காயம் இல்லை அல்லது படம் எடுக்கும் அளவுக்கு இல்லை. அதன் பிறகு வரும் மறதி, தலைச்சுற்றல், எரிந்து விழுதல், கவனம் நிலைக்காமை ஆகியவற்றை மனநோய் என்று கணவன் வீட்டார் சொல்வார்கள், அவளும் நம்பிவிடுவாள். சில நேரம் அது மூளைக் காயம். 2008இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, முன்பு கழுத்தை நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் அதே ஆளால் கொல்லப்படும் அபாயம் ஏறக்குறைய ஏழு மடங்கு என்றது. இது ஒரு முறை நடந்தாலும் மருத்துவரிடம் இந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். மனுவில் முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

மார்ச் 20

"அடிபட்டவள் சண்டைபோடவே மாட்டாளா, என் சித்தி திருப்பி அடிப்பாரே" என்று ஒருவர். அடிப்பார்கள். அதைப் பற்றிச் சட்டம் என்ன யோசித்தது என்பதற்கு 1989இலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு.

இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா, பஞ்சாபிலிருந்து மணமாகிப் போனவர். பத்து வருடம் கொடுமை. 1989 மே மாதம் தூங்கிக்கொண்டிருந்த கணவனுக்குத் தீ வைத்தார், அவர் இறந்துபோனார், இவருக்கு ஆயுள் தண்டனை. 1992இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. அப்போது இவருக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்தது என்ற மருத்துவச் சான்று அதற்குக் காரணம். முதல் விசாரணையில் அதை யாரும் சரியாக எடுத்துவைக்கவே இல்லை. சவுத்தால் கறுப்பின சகோதரிகள் என்ற பெண்கள் அமைப்பு இவருக்காக நின்றது. மறுவிசாரணையில் குற்றம் குறைக்கப்பட்டு அந்த செப்டம்பரில் வெளியே வந்தார்.

அந்தத் தீர்ப்பில் என்னை நிறுத்தியது ஒரு கடிதம். கணவன் சில நாள் வீட்டைவிட்டுப் போனபோது, திரும்பி வா என்று அவர் எழுதியது. இனி கறுப்புக் காபி குடிக்க மாட்டேன், பச்சை மிளகாய் சாப்பிட மாட்டேன், தோழிகளை விட்டுவிடுகிறேன் என்று வாக்குறுதி மேல் வாக்குறுதி. வெளியாள் படித்தால் "இவ்வளவு பிரியமா!" என்பார். நீதிபதிகள் அதை அவர் எந்த நிலைமைக்குத் தள்ளப்பட்டிருந்தார் என்பதன் அடையாளமாகப் படித்தார்கள். ஒரு பெண் பச்சை மிளகாய் தின்பதற்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்றால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

இன்னொன்று நம் சென்னை உயர் நீதிமன்றம். கணவனின் கொடுமை தாங்காமல் குழந்தைகளோடு கிணற்றில் விழுந்த ஒரு பெண், குழந்தைகள் இறந்து தான் மட்டும் பிழைத்து, கொலை வழக்கில் நின்றார். அதுவரை சட்டத்தில் திடீரென்று மூண்ட ஆத்திரத்துக்குத்தான் சலுகை. நீண்ட நாள் சேர்ந்து சேர்ந்து மூள்வதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லி, கொலை என்பதைக் குறைத்தது. அந்த மனநிலையைக் குறிக்க "நல்லதங்காள்" என்ற பெயரையே தீர்ப்பில் பயன்படுத்தியது.

மார்ச் 21

நல்லதங்காள் பற்றி மூன்று பேர் சண்டையிடுகிறார்கள். எங்களுக்குப் பக்கத்து ஊர் சமாச்சாரம், நான் தீர்த்துவைக்கிறேன். வத்திராயிருப்புக்கு அருகே அர்ஜுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. கதையில் கணவன் கொடுமைக்காரன் இல்லை, அது சரிதான். பஞ்சத்தில் ஏழு குழந்தைகளோடு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு வருகிறாள், அண்ணன் இல்லாத நேரம், அண்ணி மூளி அலங்காரி அவளை அவமானப்படுத்துகிறாள். அதன் பிறகுதான் கிணறு.

அப்படியானால் நீதிமன்றம் தவறான கதையையா எடுத்தது? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதை முழுக்க அவள் பொறுத்துத்தான் வருகிறாள். பசியைப் பொறுத்தாள், வழிநடையைப் பொறுத்தாள். பிறந்த வீட்டுக் கதவு சாத்தியபோது உடைந்துபோனாள். மனுக்களிலும் அதையே பார்க்கிறேன். அடித்த நாளைப் பற்றிச் சொல்லும்போது வறண்ட குரலில் சொல்கிற பெண், "அம்மா வீட்டுக்குப் போனேன், மறுநாள் காலையில் அப்பாவே பஸ் ஏற்றிவிட்டார்" என்ற வரிக்கு வரும்போது அழுவார். அண்ணாச்சி எதிர்பார்த்த கண்ணீர் அங்கேதான் இருக்கிறது.

அந்த வறண்ட குரலைப் பற்றியும் இத்தோடு சொல்லிவிடுகிறேன். அடி விழும்போது பலருக்கு மனம் விலகிவிடும். மேலே மின்விசிறிக்குப் பக்கத்திலிருந்து யாரையோ அடிப்பதைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார். அப்படி விலகி நின்று பார்த்ததை விலகிய குரலில்தான் சொல்ல வரும். சிலருக்குச் சிரிப்பு வரும். எனக்குச் சிரிப்பு வந்தது, காவல் நிலையத்தில். எழுதிக்கொண்டிருந்த அம்மா பேனாவை மூடிவிட்டார்.

ஏப்ரல் 3

இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினால் சரியாகாதா?

பயமில்லாத இடத்தில் ஆகும். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவள் எதைச் சொல்வாள்? சொன்னால் வீட்டுக்குப் போன பிறகு அதற்கும் சேர்த்து வாங்க வேண்டும் என்று தெரியாதா? சட்டம் இதை யோசித்திருக்கிறது. 2006 விதிகளின்படி, ஆலோசனையின்போது தான் செய்த வன்முறைக்கு அவன் நியாயம் கற்பிக்க அனுமதியே இல்லை. இனி செய்யமாட்டேன் என்று உறுதியும் தர வேண்டும். நடைமுறையில் நான் கேட்பது: "அவரும் வேலைக் களைப்பில் வருகிறார், நீயும் கொஞ்சம் பார்த்துப் பேசு அம்மா." பிறகு ஒரு வெள்ளைத்தாளில் இருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். கோப்பு முடிந்தது.

ஏப்ரல் 12

கேள்வி கேட்ட அண்ணாச்சி திரும்பி வந்திருக்கிறார். மகிழ்ச்சி. அந்தப் பெண்ணுக்கு இடைக்கால உத்தரவு கிடைத்து, கணவர் வேறு வீட்டுக்குப் போய்விட்டாராம். "நிம்மதியாக இருக்க வேண்டியவர் இப்போதுதான் பகலெல்லாம் படுத்திருக்கிறார், ராத்திரி அலறி எழுகிறார் என்று என் மனைவி சொல்கிறாள். இது என்ன?" என்று கேட்கிறார். முதல் கேள்விக்கும் இந்தக் கேள்விக்கும் தொனி மாறியிருப்பதைக் கவனித்தேன், சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. ஆபத்து இருக்கும்வரை உடம்பு விழாமல் தாங்கிக்கொண்டிருக்கும். பூட்டு உள்ளே இருந்து போட்டுக்கொள்ள முடிகிறது என்று அதற்கு நம்பிக்கை வந்த பிறகு விழும். தூக்கம் கெடும், கெட்ட கனவு வரும், யாராவது கையை ஓங்கித் தலைமுடியைச் சரிசெய்தாலும் உதறும். பிள்ளைகளிடம் எரிந்து விழுந்துவிட்டு, நானும் அவரைப் போல ஆகிவிட்டேனோ என்று பயம் வரும். அவரைத் தேடவும் செய்யும். இதை யாரும் வெளியே சொல்வதில்லை, நான் சொல்கிறேன்: தேடியது.

ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992இல், ஒரே ஒரு விபத்தில் வரும் அதிர்ச்சியும் வருடக்கணக்கில் ஒருவர் பிடியில் கிடந்ததால் வருவதும் வேறு என்று வாதிட்டார். இரண்டாவது வகையில் பயத்தோடு கூட, தன்னைப் பற்றிய எண்ணமே சிதைந்துபோகிறது, யாரோடும் ஒட்ட முடிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் இதைத் தனி நோயாகச் சேர்த்திருக்கிறது. ஹெர்மன் சொன்ன வரிசையில் முதல் படி பாதுகாப்பு. நடந்ததை எல்லாம் கிளறிப் பேசுவது அதற்குப் பிறகுதான். ஆகவே உங்கள் வீட்டம்மாள் போய் "என்னதான் நடந்தது, சொல்" என்று தோண்ட வேண்டாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் கை கொடுக்கட்டும். இரண்டு வாரம் தாண்டியும் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால், அல்லது சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகலாம்.

ஏப்ரல் 14

எண்கள் கேட்டிருந்தீர்கள். பெண்கள் உதவிக்கு 181. மனநல ஆலோசனைக்கு 14416, இது 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, தமிழில் பேசலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள்; வக்கீல் வைக்காமலும் மனு போகும். கணவர் கைபேசியைப் பார்க்கிறவர் என்றால் பக்கத்து வீட்டிலிருந்து அழையுங்கள்.

தேதிகளைப் பற்றி ஒன்று. நினைவிலிருந்து தேதி வராது என்றேன், ஆனால் காகிதத்திலிருந்து வரும். மருத்துவமனைச் சீட்டு, பள்ளிக்குப் பிள்ளை போகாத நாளின் விடுப்புக் கடிதம், தங்கைக்கு அனுப்பிய குறுஞ்செய்தி. இவற்றைக் கொண்டு வாருங்கள், நாங்கள் கோத்துக்கொள்கிறோம். தெரியாத தேதியைத் தெரிந்த மாதிரி மட்டும் சொல்லாதீர்கள். "சின்னவன் வயிற்றில் இருந்தபோது" என்றே எழுதலாம். அதை அப்படியே தட்டச்சு செய்துதான் தருகிறேன், எங்கள் வக்கீல் முதலில் முணுமுணுத்தார், இப்போது பழகிவிட்டார்.

ஏப்ரல் 27

மே மாதம் கோர்ட் விடுமுறையாயிற்றே, ஜூனில் போடலாமா என்று ஒரு தங்கை கேட்கிறார். கோடை விடுமுறை சிவில் நீதிமன்றங்களுக்கு. இந்த மனு நீதித்துறை நடுவரிடம் போவது, அவர் மே மாதமும் உட்கார்ந்திருப்பார். காத்திருக்க வேண்டாம்.